வீட்டில் இருந்தவனின் தாள்கள்

இன்று காலை பாளையங்கோட்டையில் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். இதை எழுதும்போதும் வாய் முழுக்கக் கிராம்புத் தைல வாடை. டாக்டர் அந்தப் பல்லை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுக் காட்டி, "பாதி மண்ணாப் போயிருக்கு. இத்தன வருஷம் எப்படி சார் பொறுத்தீங்க?" என்று கேட்டார். வாயில் பஞ்சு இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன். உன்மேல் இருந்த கோபத்தில் அதை வைத்திருந்தேன் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? ஐந்து வருஷமாக வலது பக்கமாகவே மென்று தின்றேன். பிடுங்கிவிட்டால் அன்று தில்லியில் நீ சொன்னது சரி என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று பட்டது. நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. இனி யாரிடம் வீம்பு காட்டுவது?

உன் இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் பேசினார்கள். கல்லூரி முதல்வர் பேசினார். உன்னோடு ஒருநாளும் ஒழுங்காகப் பேசியிராத வேதியியல்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். நம் விலங்கியல் துறையிலிருந்து தென் துருவம்வரை போய், ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து வந்த மனிதர் என்றார்கள். அந்த யோசனை யாருடையது என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

குறுக்குத்துறையில் குளித்துவிட்டுத் துணி பிழிந்துகொண்டிருந்தோம். ஆனி மாசம், ஆறு முழங்காலளவு. நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்ததை நான் உனக்குச் சொன்னேன். மனிதனை வேறு உலகத்துக்கு அனுப்ப வேண்டுமானால் அவனை முதலில் எங்கே வைத்துப் பார்ப்பது? உடம்பை ஆய்வுக்கூடத்தில் பார்த்துவிடலாம், மனசை முடியாது. அதற்குத்தான் தென் துருவத்துக்குப் போகிற குழுக்களைப் பார்க்கிறார்கள் என்று சொன்னேன்.

"அப்ப செவ்வாய்க்குப் போற வழி ஐஸ் வழியாவால போகுது?" என்றாய்.

"சிரிக்காதல. அங்கன குளிர்காலத்துல மாட்டிக்கிட்டா கப்பல் கிடையாது, பிளேன் கிடையாது. ரெண்டு மாசம் சூரியனே கிடையாது. இருக்க இருவது இருவத்தஞ்சு மூஞ்சியத்தான் திரும்பத் திரும்பப் பாக்கணும். வானத்துல போறவனுக்கும் அதே கதிதான்."

"நம்ம ஸ்டாஃப் ரூம்ல அதத்தானல பத்து வருஷமாப் பாக்கோம்? நம்மள நேரா செவ்வாய்க்கே அனுப்பிரலாமே."

நீ அதைக் கேலியாகத்தான் கேட்டாய். ஆனால் அடுத்த ஆண்டு, குளிர்காலக் குழுவோடு உடலியல் ஆய்வுக்கு ஓர் ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்தபோது என் மேசையில் இருந்த தாளை எடுத்துப் படித்து, "நானும் போடட்டால?" என்றாய். போடு என்றேன். நீ தேறுவாய் என்று நினைத்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

நம் இருவரையும் கூப்பிட்டார்கள். தில்லியில் மருத்துவப் பரிசோதனை. இரத்தம், இதயம், எல்லாம் முடிந்து பல்லுக்கு வந்தது. பரிசோதித்த டாக்டர் பாலக்காட்டுக்காரர். பல்வலி வந்ததுண்டா என்று இங்கிலீஷில் கேட்டார். இல்லை என்றேன். அப்போது எனக்குப் பின்னால் பனியனோடு நின்றுகொண்டிருந்த நீ, என் காதில் சொல்வதாக நினைத்து ஊருக்கே கேட்கும்படி சொன்னாய்.

"ஏலே, திருச்செந்தூர் போனப்போ பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்துச்சே, அது என்ன வேப்பங்காத்தால?"

டாக்டருக்குத் தமிழ் தெரியும். சிரித்தார். சிரித்துக்கொண்டே விளக்கை என் வாய்க்குள் அடித்தார். இடது கடைவாயில் குழி. உடனே பிடுங்கிவிடுகிறேன், ஊருக்குக்கூடப் போகவேண்டாம், இங்கேயே பிடுங்கிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். அவர் மிகப் பொறுமையாகச் சொன்னார்: "பல் சின்ன விஷயம். ஆனா வலிய மறைக்கிற ஆளை அங்க அனுப்ப முடியாது."

ரயிலில் திரும்பும்போது நீ மூன்று தடவை மன்னிப்புக் கேட்டாய். நான் மூன்று தடவையும் பரவாயில்லை என்றேன். எழும்பூரில் இறங்கி வேறு பெட்டியில் ஏறிக்கொண்டேன். நீ நெல்லை வரும்வரை என்னைத் தேடியிருக்கிறாய் என்று பிறகு உன் மனைவி கோமதி சொன்னாள்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னால், அச்சடித்த தாள்கள் அடங்கிய ஒரு பெரிய கட்டோடு என் வீட்டுக்கு வந்தாய். ஆய்வின் முறையே அது. பனியில் இருக்கிறவன் தினமும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். அதே வயது, அதே வேலை, அதே சாப்பாட்டுப் பழக்கம் உள்ள ஒருவன் ஊரில் இருந்துகொண்டு அதே நாளில் அதே தாளை நிரப்ப வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பனி என்ன செய்தது, வயசு என்ன செய்தது என்று பிரிக்க முடியும். 'வீட்டில் இருப்பவர்' என்று அதற்குப் பெயர். நீ என் பெயரைக் கொடுத்திருந்தாய்.

"அறிக்கையில ரெண்டு பேரு பேரும் வரும்ல" என்றாய்.

"ஐஸ்ல நீ இருப்ப. தாமிரபரணியில நான் இருப்பேன். அதுக்குப் பேரு கூட்டு ஆராய்ச்சியா?"

"உன்ன விட்டா எனக்குச் சமமா யாருல இருக்கா இங்கன?"

அதை நீ அன்பாகத்தான் சொன்னாய். உனக்குச் சமமாக இருப்பதற்கு நான் வீட்டில் உட்கார வேண்டியிருக்கிறது என்றுதான் எனக்குக் கேட்டது. அறிக்கையில் பேர் வரும் என்ற ஆசை இருந்ததால் வாங்கி வைத்துக்கொண்டேன்.

காலையில் படுக்கையை விட்டு எழும் முன் உடல் வெப்பம். பிறகு தூக்கம், பசி, கோபம், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் பத்துவரை ஓர் எண். கடைசியில் ஒரு கேள்வி: 'இன்று யாரைப் பார்க்கப் பிடிக்கவில்லை?' பூமியில் எந்த அலுவலகமும் மனிதனிடம் இவ்வளவு நேரடியாகக் கேட்டிருக்காது. முதல் மாதம் நான் யோக்கியமாகவே நிரப்பினேன். கோபம் எட்டு, கோபம் ஒன்பது. நீ கம்பளி உடுப்போடு கப்பல் தளத்தில் நிற்கிற படம் பேப்பரில் வந்த அன்று பத்து. கடைசிக் கேள்விக்கு நேராக உன் பெயர். நீ பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும்போது உன்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று எழுதியவன் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தத் தாள்களை அடுக்கிக் கட்டும்போதுதான் உறைத்தது. இதையெல்லாம் படிக்கப்போவது நீ. வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டி, எந்தெந்த நாளில் நான் எவ்வளவு வெந்தேன் என்று எண்ணாகப் பார்க்கப் போகிறாய். அதை என்னால் தாங்க முடியவில்லை. முப்பது தாளையும் கிழித்தேன். கட்டிலிருந்து புதுத் தாள்கள் எடுத்து, வெவ்வேறு நாளில் எழுதியதுபோல் தெரிய வேண்டும் என்பதற்காக மூன்று பேனாவை மாற்றி மாற்றி எழுதினேன். கோபம் ஒன்று. கோபம் ஒன்று. கோபம் ஒன்று. கடைசிக் கேள்விக்கு நேராக, யாருமில்லை. அதற்குப் பிறகு பதினைந்து மாதம் அப்படியே போனது.

மாதம் ஒருமுறை ஞாயிறு காலை உன் வீட்டுக்குப் போன் வரும். கோமதிக்குக் கிடைப்பதே நாலைந்து நிமிஷம். அதில் ஒரு நிமிஷத்தை எனக்கு ஒதுக்கி வைப்பாள். "அண்ணே, பேசுங்க, பேசுங்க, வச்சிரப் போறாங்க" என்று ரிசீவரை என் கையில் திணிப்பாள். பேசினால் பதில் வர ஒரு மூச்சு நேரம் ஆகும். அதற்குள் நாம் இருவரும் சேர்ந்தே பேசத் தொடங்கிவிடுவோம்.

"ஏலே, பல்லு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. உனக்குக் குளிரு?"

"கேக்கல. பல்லு?"

"நல்லாத்தாம்ல இருக்கு!"

"இங்கன ஒருத்தனுக்குப் பல்லு வீங்கிட்டு. நான்தான் பிடுங்குனேன். உன்ன நெனச்சுக்கிட்டேன்."

இன்னொரு மாதம், என்ன சமையல் என்று கேட்டாய். அன்று எங்கள் வீட்டில் சொதி. தேங்காய்ப்பால் மூன்று தடவை எடுத்தது, முருங்கைக்காய், இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். இலையில் சோறு எப்படிக் குழைந்தது என்றுகூடச் சொன்னேன். மறுமுனையில் நீ பேசவில்லை. தாமதம் என்று நினைத்தேன். அது தாமதமில்லை. அன்று கோபம் பூஜ்யம் என்று எழுதினேன். பதினாறு மாதத்தில் நான் எழுதிய உண்மையான எண் அது ஒன்றுதான்.

நீ தாடியோடு வந்தாய். ஊரே உன்னைச் சுற்றியது. பள்ளிக்கூடங்களில் பேசினாய், நாங்குநேரிவரை கூப்பிட்டார்கள். ஜங்ஷன் டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரை உன் முன் வைத்துவிட்டு, "அண்ணாச்சி, அங்கன குளிக்கதுக்குத் தண்ணி உண்டுமா, இல்ல ஐஸையே தேச்சுக்கிட வேண்டியதுதானா?" என்று கேட்டதும், நீ அவரிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து விளக்கியதும், நான் பக்கத்தில் டீ ஆறிப்போக நின்றதும் நினைவிருக்கிறது. என்னைக் காட்டி, "இவன்தான் என் ஜோடி. நான் அங்கன, இவன் இங்கன" என்றாய். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து மரியாதைக்காகத் தலையாட்டினார். பாதிக் கதைக்குத் தலையாட்டுகிற மாதிரி.

பிறகு இரண்டு கட்டுத் தாள்களையும் வைத்துக்கொண்டு நீ மூன்று மாதம் உட்கார்ந்தாய். மழைக்காலம். ஒருநாள் கடைசி வகுப்பு முடிந்து நம் அறைக்கு வந்தேன். பக்கத்து ஆய்வுக்கூடத்திலிருந்து ஃபார்மலின் வாடை வந்துகொண்டிருந்தது. மேசைமேல் ஒரு வரைபடத் தாளை விரித்து வைத்திருந்தாய்.

"ஏலே, இங்க வால. இதப் பாரு."

இரண்டு கோடுகள். சிவப்பு உன்னுடையது, நீலம் என்னுடையது. இரண்டும் தாளின் அடியை ஒட்டித் தண்டவாளம் மாதிரிக் கடைசிவரை போயின.

"பதினாறு மாசம் ரெண்டு பேருக்கும் கோவமே வரல. நம்மள ஏதாவது மடத்துல பட்டம் கட்டி உக்கார வச்சிருக்கணும்" என்றாய். பிறகு சிரிக்காமல் சொன்னாய்: "நான் எழுதுனது பூரா பொய்ல."

நான் உட்கார்ந்தேன்.

முதல் சில வாரம் எல்லோரும் உண்மையைத்தான் எழுதினார்களாம்; உனக்கு அப்போது கோபம் வரவும் இல்லையாம். குழுத் தலைவர் சனிக்கிழமைதோறும் தாள்களை வாங்கிப் படிப்பாராம். பக்கத்தில் இருக்கிறவன் மெல்லுகிற சத்தம் தாங்கவில்லை என்று ஒருவன் எழுதியிருக்கிறான். அன்று சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் தலைவர், யார் மெல்லுகிற சத்தம் என்று கேட்டுவிட்டார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து ஒருவருக்கும் கோபம் வரவில்லை.

"கோமதி நார்த்தங்கா ஊறுகா குடுத்து விட்டாள்லா? சூரியன் போனப்புறம் அது ஒண்ணுதாம்ல எனக்கு ஊரு. தெனம் ஒரு துண்டு. கடைசித் துண்ட ஜெனரேட்டர் பாக்கவன் எடுத்துத் தின்னுட்டான். தெரியாமத்தான் தின்னான். நாப்பது நாள் அவன்கிட்ட பேசல. அவன் தூங்கும்போது நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கேன், கொன்னா என்னன்னு. அன்னைக்கும் தாள்ல ஒண்ணுன்னுதான் போட்டேன்."

"ஏன்?"

"சொல்லிட்டு எங்கனல போவ? வெளிய போனா செத்துருவோம். செவ்வாய்க்குப் போறவன்கிட்ட இதே தாளக் குடுத்தாலும் அவனும் ஒண்ணுன்னுதாம்ல போடுவான். நாம மனுசனச் சோதிக்கதா நெனச்சோம். கூட இருக்கவன் படிப்பான்னு தெரிஞ்சா எவனும் உள்ளத எழுத மாட்டான். இதத்தாம்ல அறிக்கையில எழுதணும். தாளயே மாத்தணும்."

இரண்டு வருஷத்தில் நீ கண்டுபிடித்தது அதுதான். நல்ல கண்டுபிடிப்பு. அப்போதே எனக்குத் தெரிந்தது. பல் பிடுங்கிய கதையோடும் தாடியோடும் திரும்பி வந்தவனுக்கு இதுவும் கிடைத்ததே என்று பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு நீ என்னைப் பார்த்தாய். வேலையில் உன்னைவிட மூன்று மாதம் மூத்தவன் என்று, எப்போதாவது 'லே'யை விட்டு எனக்கு மரியாதையாக 'வே' போடுவாய். பெரும்பாலும் கேலிக்குத்தான். அன்று போட்டது கேலிக்கு இல்லை.

"நீரு சொல்லும்வே. உம்ம ஒண்ணு நெச ஒண்ணா?"

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தலைவரும் இல்லாத, பூட்டிய கதவும் இல்லாத, நினைத்தால் ஆற்றங்கரைக்கு நடந்து போகக்கூடிய ஊரில் இருந்தவனும் பொய்தான் எழுதினான் என்றால், உன் பேச்சுக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேறு இல்லை. ஆனால் ஏன் எழுதினாய் என்று நீ கேட்பாய். உன்மேல் பொறாமை, நீ படித்துவிடுவாய் என்று பயம் என்று சொல்ல வேண்டிவரும். கொலை செய்ய நினைத்ததை ஊறுகாய்க் கதையாகச் சொல்ல உனக்கு வந்தது. எனக்கு அது வராது.

"நான் உள்ளதத்தான் எழுதுனேன்" என்றேன்.

நீ "சரிவே" என்று வரைபடத்தை மடித்தாய்.

உன் தாள்கள் பொய் என்று ஆய்வை நடத்திய அலுவலகத்துக்கு நீயே எழுதி அனுப்பினாய். படிவத்தை மாற்றச் சொல்லி எட்டுப் பக்கம் எழுதியிருந்தாய். அவர்கள் பதில் ஒரே பக்கம். படிவத்தில் குறை இல்லை, வீட்டில் இருந்தவரின் பதிவு ஒழுங்காகவும் நிலையாகவும் இருப்பதே அதற்குச் சான்று, எனவே இது எழுதியவரின் தனிப்பட்ட தவறு என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பணியில் உன்னைச் சேர்ப்பதாக இருந்த பேச்சும் அதோடு நின்றது. எனக்குத் தனியாக ஒரு நன்றிக் கடிதம் வந்தது. நான் அதை உன்னிடம் காட்டவில்லை. காட்டாமல் இருந்ததற்காக என்னை நானே பெருந்தன்மைக்காரன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

நீ மறுபடி தவளை அறுக்கச் சொல்லிக் கொடுக்கப் போனாய். நான் தினமும் உன் முகத்தில் வருத்தத்தைத் தேடினேன். இருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். நீ மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து, "இன்னைக்கு நார்த்தங்கா, எவனாவது தொட்டா கொன்னுருவேன்" என்று சத்தம் போட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பின்மேல் எனக்கு வந்த பொறாமை, கப்பல் படத்தைப் பார்த்து வந்ததைவிடப் பெரிது.

ஐப்பசி மழையில் ஒரு காலை, வகுப்புக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது மாரடைப்பு என்றார்கள். ஆற்றங்கரையில் எல்லாம் முடிந்து உன் வீட்டுக்கு வந்தபோது கோமதி சொன்னாள்: "அவுக அடிக்கடி சொல்லுவாகண்ணே. இந்த ஆராய்ச்சியில சுத்தமானது உங்க தாள் ஒண்ணுதானாம்."

நீ நம்பித்தான் சொன்னாயா, நம்பாமல் என்னைக் காப்பாற்றினாயா, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன மாதம் அந்த அலுவலகத்திலிருந்து மறுபடி கடிதம். இன்னொரு குழு பனிக்குப் போகிறது. வேறு உலகத்துக்கு மனிதனை அனுப்பும் திட்டங்களுக்கு இந்தப் பதிவுகள் பயன்படும், முன்பு மிகச் சிறப்பாகச் செய்த தாங்களே மறுபடி வீட்டில் இருப்பவராக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கூடவே மாதிரிக்கு ஒரு தாள். ஓர் எழுத்து மாறவில்லை. அதே எண்கள், அதே கடைசிக் கேள்வி. இன்னும் இருபது இருபத்தைந்து பேர் போய் அங்கே உட்கார்ந்து ஒன்று, ஒன்று என்று எழுதப் போகிறார்கள். ஒருநாள் யாரோ நான்கு பேர் இதை நம்பி ஒரு தகரப் பெட்டிக்குள் ஏறப் போகிறார்கள்.

முந்தாநாள் பதில் எழுதினேன். என் தாள்கள் முழுக்கப் பொய், முதல் மாதத்தைக் கிழித்துத் திரும்ப எழுதினேன், படிவத்தைப் பற்றி என் நண்பர் எழுதிய எட்டுப் பக்கமும் உண்மை, அதற்கு நானே சாட்சி என்று எழுதினேன். காரணம் கேட்பார்கள் என்று அதையும் ஒரு வரியில் எழுதினேன். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு நேரே கோமதி வீட்டுக்குப் போனேன். வீட்டுக்கு முன்னால் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்பவே சொல்லியிருந்தா ரெண்டு பேருமா வசவு வாங்கிருப்பீக. அவுக ஒத்தையில வாங்குனாக. அந்தக் கடுதாசி வந்த அன்னைக்கு அவுக சாப்பிடல, உங்களுக்குத் தெரியுமா? மறுநா காலையில உங்களப் பாக்கப் போறேன்னு சட்டைய மாட்டிட்டுச் சிரிச்சிக்கிட்டே போனாக."

உட்காருங்க என்று சொல்லவில்லை. உன் வீட்டு வாசலில் எனக்குக் காப்பி இல்லாமல் போனது அன்றுதான் முதல் தடவை. நான் வண்ணார்பேட்டை வழியாக நடந்தே வந்தேன்.

நீ சாப்பிடாமல் இருந்தாய் என்பது எனக்கு முந்தாநாள்வரை தெரியாது. இத்தனை நாள் உன் முகத்தில் தேடிய வருத்தம் கிடைத்துவிட்டது. வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்னைப் பார்க்க வருவதற்கு முன்னால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாய். நானும்தான் உன்னிடம் மறைத்தேன். ஆனால் நீ மறைத்தது எனக்காக. அதிலும் உன்னை எட்ட முடியவில்லை என்பதில் எனக்கு இன்னும் எரிச்சல்தான். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அதுவும் பொய்யாகும்.

நீ மேசைக்கு எதிரே உட்கார்ந்து, என் கண்ணைப் பார்த்து, எழுதியது பொய் என்று ஒரே மூச்சில் சொன்னாய். எனக்கு அதைச் சொல்ல மூன்று வருஷம் ஆயிற்று. நான் சொன்னபோது, "சரிவே" என்று சொல்ல எதிரில் ஆள் இல்லை.